அடர்தீவனம் கூட்டியதும் பால் ஏறியது, பிறகு கொழுப்போடு சேர்ந்து இறங்கிவிட்டது: காரணம் என்ன?

சிவலைப்பசு — திங்கள், காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம் ஈத்துக் கலப்பினப் பசு ஒன்று வைத்திருக்கிறேன். கன்று ஈன்று இன்றோடு 70 நாள். எடை நாடாவில் அளந்தால் 420 கிலோ வருகிறது. இரண்டு வேளையும் சேர்த்து 13 லிட்டர் கறந்துகொண்டிருந்தது, கொழுப்பு 4.1 சதவீதம். அதுவரை போட்ட தீனி பசும்புல் 20 கிலோ, வைக்கோல் 3 கிலோ, அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு கலந்த தீனி) 5 கிலோ.

இன்னும் இரண்டு லிட்டர் கூட்டிப் பார்க்கலாம் என்று அடர்தீவனத்தை ஒரே நாளில் 9 கிலோவாக்கினேன். வயிற்றில் இடம் வேண்டுமே என்று புல்லை 10 கிலோவாகவும் வைக்கோலை 2 கிலோவாகவும் குறைத்தேன். நான்காம் நாள் 15 லிட்டர் வந்தது. மனசு நிறைந்துபோனது. ஏழாம் நாளிலிருந்து இறங்க ஆரம்பித்து, பன்னிரண்டாம் நாளான இன்று 12 லிட்டரில் நிற்கிறது. நேற்றைய சோதனையில் கொழுப்பு 2.9.

சாணி கூழ் மாதிரி இளகிப் போகிறது. குச்சியால் கிளறிப் பார்த்தேன், மக்காச்சோள நொய் அப்படியே கிடக்கிறது. ஒரு நாள் தொட்டியை வழித்துத் தின்கிறது, மறுநாள் பாதியை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சுவரை வேறு நக்குகிறது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை, பால் திரியவும் இல்லை. நல்ல தீனியைக் கூடுதலாகப் போட்டதற்கு இப்படி ஆகுமா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

வைக்கோல்போர் — திங்கள், காலை 7.35

குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆகிறது? சாணி இளகினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம் கால்சியம் டானிக் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

காடிக்கரை — திங்கள், காலை 8.10

தம்பி, மருந்துக்குப் போவதற்கு முன் நாலு விஷயம் சொல். அந்த 9 கிலோவை எத்தனை வேளையாகப் போடுகிறாய்? புல்லுக்கு முன்பா, பின்பா? தண்ணி எப்படிக் காட்டுகிறாய்? படுத்திருக்கும்போது அசை போடுகிறதா, ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது?

சிவலைப்பசு — திங்கள், மதியம் 1.20

வைக்கோல்போர், புழு மருந்து கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது.

காடிக்கரை அண்ணே, கறக்கும் நேரத்தில் காலை நாலரைக் கிலோ, மாலை நாலரைக் கிலோ. தண்ணீரில் குழைத்து வெறும் வயிற்றில் வைக்கிறேன், புல் அதற்குப் பிறகுதான். தண்ணி மூன்று வேளை வாளியில் காட்டுகிறேன். 12 லிட்டர் வாளி, ஒரு வேளைக்கு ஒன்று. அசை போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள், இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். தொண்டையில் உருண்டை மேலே ஏறுவது தெரிகிறது, 36, 38, 35 என்று மென்றுவிட்டு விழுங்கிவிடுகிறது. நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மாவே படுத்திருக்கிறது.

கால்நடை டாக்டர் (ஓய்வு) — திங்கள், மாலை 5.45

புழுவும் இல்லை, கால்சியமும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தீனியைத் தண்ணீர் நீக்கிக் கணக்குப் போடுங்கள். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பழைய தீனியில் 20 கிலோ புல்லிலிருந்து 4 கிலோ உலர்பொருள், 3 கிலோ வைக்கோலிலிருந்து சுமார் 2.7, அடர்தீவனத்திலிருந்து 4.5. மொத்தம் 11 கிலோ சொச்சம், அதில் நார்த்தீவனம், அதாவது புல்லும் வைக்கோலும், 60 சதவீதம். புதிய தீனியில் புல் 2, வைக்கோல் 1.8, அடர்தீவனம் 8.1. மொத்தம் 12 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நார்த்தீவனத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. அதுவும் ஒரே நாளில். மொத்தத் தீனி கூடியது அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான், ஆனால் அதன் தன்மை தலைகீழாக மாறிவிட்டது.

மாட்டின் பெருவயிறு ஒரு புளிக்கும் தொட்டி. நாம் போடும் தீனியை முதலில் தின்பவை அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள். அவை தீனியைப் புளிக்கவைத்து அமிலங்களை வெளியிடுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. அவற்றில் மூன்று முக்கியம். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அசிட்டிக் அமிலத்தை அதிகம் தரும். மாவுப்பொருளைத் தின்பவை புரோபியோனிக் அமிலத்தை அதிகம் தரும். மூன்றாவது பியூட்டிரிக் அமிலம்.

இனி உங்கள் பாலுக்கு வருவோம். பால் எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிப்பது பாலில் உள்ள சர்க்கரை, அதாவது லாக்டோஸ். மடியில் லாக்டோஸ் எவ்வளவு உருவாகிறதோ, அதற்கு ஏற்ற தண்ணீர் இரத்தத்திலிருந்து இழுக்கப்படுகிறது. லாக்டோஸ் செய்யக் குளுக்கோஸ் வேண்டும், ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம். 13 லிட்டருக்கு 900 கிராம். நம்மைப் போல மாட்டுக்குக் குடலிலிருந்து நேரடியாகக் குளுக்கோஸ் பெரிதாகக் கிடைப்பதில்லை. புரோபியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரல்தான் அதைத் தயாரிக்கிறது. நீங்கள் மக்காச்சோளத்தைக் கூட்டியதும் அந்த அமிலம் கூடியது, நான்காம் நாள் 15 லிட்டர் வந்தது. அது உண்மையான ஏற்றம்தான்.

கொழுப்புக்கு வழி வேறு. பாலில் உள்ள கொழுப்பில் பாதியளவை அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களிலிருந்து மடியே உருவாக்கிக்கொள்கிறது. நார் குறைந்தால் அந்த மூலப்பொருள் விகிதம் சரியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, நாளைக்கு எழுதுகிறேன்.

ஏழாம் நாள் பால் ஏன் இறங்கியது? நார்த்தீவனத்தை மென்று அசை போடும்போதுதான் உமிழ்நீர் ஊறும். ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீரை விழுங்குகிறது. அதில் ஒரு கிலோவுக்கும் அதிகமான சோடா உப்பு இருக்கும். பெருவயிற்றின் புளிப்பைத் தணிப்பது அதுதான். நீங்கள் குழைத்து வைத்த நாலரைக் கிலோ மெல்லவே தேவையில்லாமல் இறங்கிவிட்டது. அமிலம் ஒரே மூச்சில் பொங்கியது, தணிக்க உமிழ்நீர் இல்லை. புளிப்பைக் காட்டும் pH அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்கு மேல் இருக்க வேண்டியது, 5.5 பக்கம் போனால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். வயிறு எரிவதால் மாடு அன்றைக்குத் தீனியை ஒதுக்குகிறது. ஒதுக்கியதால் கொஞ்சம் சரியாகி மறுநாள் அள்ளித் தின்கிறது, மறுபடி எரிகிறது. ஒரு நாள் தின்பதும் மறுநாள் விடுவதும் இதனால்தான். சாணியில் நொய் அப்படியே வருவது, இளகல், மெல்லுதல் 36-இல் நிற்பது எல்லாம் இதன் அடையாளங்களே. 50-லிருந்து 60 வரை மெல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: அடர்தீவனத்தை 6 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். அதை நான்கு வேளையாகப் பிரித்து, புல்லோ வைக்கோலோ கொஞ்சம் தின்ற பிறகே வையுங்கள். குழைக்காமல், லேசாக ஈரம் தெளித்தால் போதும். புல்லைப் பழையபடி 20 கிலோவுக்கு மேல் ஏற்றுங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் 150 கிராம் சமையல் சோடாவைத் தீனியில் கலந்து கொடுங்கள். தீனியை அடியோடு விட்டுவிட்டாலோ, இடப்பக்க விலா உப்பினாலோ, எழ முடியாமல் படுத்துவிட்டாலோ காத்திருக்கக் கூடாது, உடனே அருகிலுள்ள மருத்துவரை அழைக்க வேண்டும்.

புதுக்கறவை — திங்கள், இரவு 9.05

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். பெரிய பண்ணைகளில் தீனியில் பாதி அடர்தீவனம்தான். மாடுகள் 40 லிட்டர் கறக்கின்றன. அங்கே கொழுப்பு இறங்குவதில்லையே? தானியத்தைக் குறை சொல்வது சரியாகப் படவில்லை.

பண்ணைக்கணக்கு — செவ்வாய், காலை 5.30

அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் ஒன்பது வருடம் தீவனப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். தானியம் குற்றவாளி இல்லைதான். ஆனால் அங்கே மாடு தானியத்தைத் தனியாகத் தின்னவே முடியாது. ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்), உலர்புல், தானியம், பிண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் ஒரே கலவையாகி எதிரே கிடக்கும். மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒவ்வொரு வாயிலும் தானியமும் நாரும் சேர்ந்தே போகும். அமிலம் பொங்காமல் சீராக ஊறிக்கொண்டிருக்கும்.

நார் எவ்வளவு என்பதோடு அதன் நீளத்தையும் பார்ப்போம். நான் தினமும் கலவையைச் சல்லடையில் சலித்து நீளத் துண்டு எத்தனை பங்கு இருக்கிறது என்று எழுதிவைப்பேன். ஒரு முறை புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியை மாற்றியபோது துண்டுகள் பொடியாக வந்துவிட்டன. எடை அதே, சத்து அதே. ஒரு வாரத்தில் கொழுப்பு அரைப் புள்ளி விழுந்தது. கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. புல்லை மாவு போல நறுக்கினால் அது நாராக வேலை செய்யாது. இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மிக நீளமாக விட்டாலும் மாடு தள்ளிவிட்டு அடியில் உள்ள தானியத்தைப் பொறுக்கித் தின்னும்.

40 லிட்டர் என்பது அந்த இனத்தின் பரம்பரைத் திறன். தீனியால் அந்தத் திறன் வெளிப்படும், புதிதாக முளைக்காது.

காடிக்கரை — செவ்வாய், காலை 7.15

தண்ணியை யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். பாலில் 87 சதவீதம் தண்ணீர். சிவலைப்பசு மூன்று வாளி, அதாவது 36 லிட்டர் காட்டுகிறார். 13 லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் தீனியிலிருந்து வருவதும் சேர்த்து 60, 70 லிட்டர் வேண்டியிருக்கும். முன்பு 20 கிலோ புல்லிலிருந்து 16 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. புல்லைப் பாதியாக்கியபோது அதில் 8 லிட்டரும் போய்விட்டது. உலர்ந்த தீனி கூடியது, தண்ணி குறைந்தது. இதை யோசித்தாயா தம்பி?

எனக்கு இது தெரிந்த கதையைச் சொல்கிறேன். பல வருடம் நானும் வேளைக்கு ஒரு வாளிதான். குடித்து முடித்து வாளியை நக்கும், நான் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் இரவு கறந்த பிறகு, கழுவி வைத்த பெரிய தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கட்டுத்தறி பக்கத்திலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அடியில் ஒரு சாண் தண்ணிதான் மிச்சம். இரவு முழுவதும் எழுந்து எழுந்து குடித்திருக்கிறது. அன்றிலிருந்து தொட்டி நிரந்தரமாக அங்கேயே. வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு வாரத்துக்குள் ஒன்றரை லிட்டர் கூடியது. அத்தனை வருடம் அந்த வாயில்லா ஜீவனைத் தாகத்தோடு நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

தொட்டியை வாரம் இரண்டு முறை பாசி போகத் தேய்த்துக் கழுவு. நீ குடிக்கத் தயங்கும் தண்ணியை மாடும் வாய் நனைத்துவிட்டுத் திரும்பிவிடும்.

கால்நடை டாக்டர் (ஓய்வு) — செவ்வாய், காலை 8.40

காடிக்கரை சொன்னது அப்படியே சரி. வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். நார் புளிக்கும்போது உடம்பில் சூடு அதிகம் உண்டாகும் என்பதால் அந்த நாட்களில் மாடு முதலில் குறைப்பது புல்லைத்தான். தீனியின் பெரும் பங்கை அதிகாலையிலும் இரவிலும் வைத்தால் தின்னும்.

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். புல், தானியம், எண்ணெய் வித்து எல்லாவற்றிலும் உள்ள கொழுப்பைப் பெருவயிற்று நுண்ணுயிரிகள் படிப்படியாக மாற்றி அனுப்பும். புளிப்பு ஏறிவிட்டால் அந்த வேலை வேறு பாதையில் போகும். நடுவில் ஒரு வகை டிரான்ஸ் கொழுப்பு அமிலம் உருவாகும். அது இரத்தம் வழியாக மடிக்குப் போய்க் கொழுப்பு தயாரிக்கும் வேலையையே அடக்கிவிடும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பாமன் குழு 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதைச் சோதித்துக் காட்டியது. அந்த அமிலத்தை ஒரு நாளைக்கு 10 கிராம் நேராக நான்காம் இரைப்பைக்குள் செலுத்தினார்கள். நான்கு நாளில் பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. பால் அளவு குறையவில்லை. பத்துக் கிராம்! ஒரு பிடி கூட இல்லை. உங்கள் 4.1 எப்படி 2.9 ஆனது என்பதற்கு இதுவே பெரிய காரணம். தீனியைச் சரிசெய்தாலும் கொழுப்பு மறுநாளே ஏறாது. பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். அவசரப்பட்டு வேறு எதையாவது மாற்றிவிடாதீர்கள்.

வைக்கோல்போர் — செவ்வாய், மாலை 6.20

கொழுப்பு ஏறுவதற்குத் தீனியில் எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்களே, அது?

கால்நடை டாக்டர் (ஓய்வு) — செவ்வாய், இரவு 7.50

ஊற்றாதீர்கள். தாவர எண்ணெய் நாருக்கு மேல் படிந்து நுண்ணுயிரிகளை நெருங்கவிடாது, மேலே சொன்ன அந்த அமிலமும் கூடும். கொழுப்பு இன்னும் இறங்கும். மொத்தத் தீனியின் உலர்பொருளில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. முழுப் பருத்திக் கொட்டை வேறு விஷயம். எண்ணெய் விதைக்குள் இருப்பதால் மெல்ல மெல்ல வெளியே வரும், அதன் பஞ்சும் தோலும் நாராக வேலை செய்யும். அதையும் ஒரு அளவோடுதான்.

புதுக்கறவை — புதன், காலை 6.15

பண்ணைக்கணக்கு அண்ணே, தெளிவாகச் சொன்னீர்கள், என் சந்தேகம் தீர்ந்தது. அப்போது புரதத்தைக் கூட்டினால்? என்னிடம் பசும்புல் கம்மி, பெரும்பாலும் வைக்கோல்தான். அதனால் பிண்ணாக்கைத் தாராளமாகப் போடுகிறேன். பால் கூடவில்லை, மாடு இரண்டு முறை சினை பிடிக்காமலும் போய்விட்டது.

கால்நடை டாக்டர் (ஓய்வு) — புதன், காலை 9.30

தீனியில் உள்ள புரதத்தின் பெரும் பகுதியை நுண்ணுயிரிகள் முதலில் அம்மோனியாவாக உடைத்து, அதைக் கொண்டு தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அவையே குடலுக்கு இறங்கி மாட்டுக்குப் புரதமாகின்றன. மாட்டின் குடலுக்குப் போய்ச் சேரும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிரிகளின் உடம்புதான். ஆனால் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ள அவற்றுக்கு அதே நேரத்தில் சக்தியும் வேண்டும். வைக்கோலில் அந்தச் சக்தி மெதுவாகத்தான் கிடைக்கும். பிண்ணாக்கு வேகமாக உடையும். மிஞ்சிய அம்மோனியா இரத்தத்தில் ஏறி, ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும். அந்த வேலைக்கே மாடு சக்தியைச் செலவழிக்கும். பாலில் யூரியா கூடினால் கரு தங்குவதும் பாதிக்கலாம். மொத்த உலர்தீனியில் புரதம் 16 சதவீதம் இருந்தால் நல்ல கறவைக்குப் போதும், மிக அதிகம் கறப்பவற்றுக்கு 17, 18.

உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் தானியச் சக்தியும் நல்ல நாரும். பிண்ணாக்கில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் உடைத்த தானியம் சேருங்கள். பயறுவகைப் பசுந்தீவனம், குதிரைமசால் மாதிரி எதையாவது கொஞ்சம் இடத்தில் விதையுங்கள். சினை பிடிக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

காடிக்கரை — புதன், காலை 10.10

வெறும் வைக்கோல் என்றால் யூரியா கலந்து பதப்படுத்தலாமே டாக்டர்.

வைக்கோல்போர் — புதன், காலை 10.25

யூரியா விஷம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மாடு போய்விட்டது. தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

கால்நடை டாக்டர் (ஓய்வு) — புதன், மதியம் 12.40

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வைக்கோலில் புரதம் 4 சதவீதம் இருந்தாலே அதிகம். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நார் செரிக்கும் நுண்ணுயிரிகளே பட்டினி கிடக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகச் சீராகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் வைக்கோல் இளகிச் செரிமானம் கூடும், புரதமும் ஏறும். தின்னக் கொடுக்கும் முன் விரித்து நெடி போக ஆறவிட வேண்டும். முதல் நாள் கைப்பிடி அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் பழக்க வேண்டும். கன்றுகளுக்குக் கூடாது. யூரியாவைக் குடிதண்ணீரில் கரைப்பதும், அளவில்லாமல் தீனியில் தூவுவதும், மூட்டையை மாடு எட்டும் இடத்தில் வைப்பதும்தான் உயிரை எடுக்கும். வைக்கோல்போர் சொன்ன வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அளந்து செய்யப் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

கன்றுக்காரி — புதன், இரவு 8.30

எல்லோரும் கறவைக் காலத் தீனியையே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் பால் எவ்வளவு என்பது கன்று ஈனுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

என் முதல் மாட்டைக் கறவை வற்றியதும் கவனிக்காமல் விட்டேன். பால் இல்லையே, எதற்கு நல்ல தீனி என்று வெறும் உலர்தட்டையைப் போட்டேன். கடைசி மாதத்தில் பயந்துபோய்த் தானியத்தையும் கால்சியத்தையும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். ஈன்ற மறுநாள் அதிகாலையில் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மருத்துவர் வந்து நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றியதும், அரை மணி நேரத்தில் ஏப்பம் விட்டு, நடுங்கி, எழுந்து நின்றது. கன்றை நக்க ஆரம்பித்தபோது நான் அழுதுவிட்டேன். ஆனால் அந்த ஈத்தில் பால் ஏறவே இல்லை.

இரண்டாவது மாட்டில் 60 நாள் வற்றவைத்தேன். விலா எலும்பு தொட்டால் தெரியும், பார்த்தால் தெரியாது என்ற உடம்பில் வைத்துக்கொண்டேன். கொழுக்கவும் விடவில்லை. கடைசி மூன்று வாரம் அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டரைக் கிலோ வரை பழக்கினேன். அந்த ஈத்தில் ஐந்து வாரத்திலேயே உச்சக் கறவைக்கு வந்தது.

கால்நடை டாக்டர் (ஓய்வு) — வியாழன், காலை 7.00

கன்றுக்காரி அம்மா எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். மாட்டின் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமே 3 கிராம் அளவுதான். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் வெளியேறும். அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட வேண்டும். ஈனுவதற்கு முன் தீனியில் கால்சியம் நிறைந்து வழிந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடு விழித்துக்கொள்ளாது. அதனால்தான் கடைசி வாரங்களில் கால்சியத்தை அடக்கி வைத்து, ஈன்ற பிறகு தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. பால் உச்சத்துக்கு வருவது ஆறிலிருந்து எட்டாவது வாரம். தீனி தின்பது உச்சத்துக்கு வருவதோ பத்தாவது வாரத்துக்கும் மேல். இடையில் மாடு தன் உடம்பைக் கரைத்தே பால் கொடுக்கிறது. உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் அந்த ஈத்து முழுவதும் ஏறக்குறைய 200 லிட்டர் கூடும். ஆகவே சிவலைப்பசு, உச்சம் உங்களுக்கு ஏற்கெனவே கடந்துவிட்டது. 13-க்குத் திரும்பினால் அது நல்ல பலன். நீங்கள் நினைத்த 15-ஐ இந்த ஈத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

பண்ணைக்கணக்கு — வியாழன், காலை 7.45

ஒரு சின்னக் குறிப்பு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு, மக்காச்சோளம் எதையும் மாட்டுக்குத்தானே என்று போட்டுவிடாதீர்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது குழந்தைகள். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு.

சிவலைப்பசு — தீனியைச் சரிசெய்த பதின்மூன்றாம் நாள், இரவு 8.15

டாக்டர் ஐயா, அண்ணே, எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். அடர்தீவனம் 6 கிலோ நான்கு வேளை, புல் 22 கிலோ, வைக்கோல் 3 கிலோ, சமையல் சோடா 150 கிராம். கட்டுத்தறி அருகே தொட்டி வைத்துவிட்டேன். முதல் நாள் அளந்ததில் 54 லிட்டர் குடித்தது.

முதல் மூன்று நாள் பால் 11 வரை இறங்கியதும் எனக்குக் கை நடுங்கியது, மறுபடி தானியத்தை அள்ளப் போனேன். அவசரப்பட வேண்டாம் என்று எழுதியிருந்ததை நினைத்து நிறுத்திக்கொண்டேன். ஆறாம் நாள் சாணி கெட்டிப்பட்டு வட்டமாக விழுந்தது. இன்றைக்கு 12.8 லிட்டர், கொழுப்பு 3.6. சுவரை நக்குவது நின்றுவிட்டது. தாது உப்புக் கலவை தினம் 50 கிராமும் கொஞ்சம் கல் உப்பும் சேர்த்ததால் இருக்கலாம். மெல்லுவது 52, 55.

காடிக்கரை — பதின்மூன்றாம் நாள், இரவு 8.50

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. சோடாவைப் பதினைந்தாம் நாளோடு நிறுத்திப் பார். நார் சரியாகப் போனால் அதன் உமிழ்நீரே அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

சிவலைப்பசு — இருபத்தெட்டாம் நாள், காலை 6.40

சோடாவை நிறுத்தி இரண்டு வாரமாகிவிட்டது. பால் 13.2, கொழுப்பு 4.0. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு 12 லிட்டரில் 2.9 என்றால் ஒரு நாளைக்குக் கிடைத்த கொழுப்பு சுமார் 350 கிராம். இப்போது 530 கிராமுக்குப் பக்கம். அதுவும் தினம் 3 கிலோ அடர்தீவனம் குறைவாகப் போட்டு.

நேற்று மாலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறது, கண்ணாடி போல வழும்பு அடிக்கிறது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்று சினை ஊசி போடலாமா?

கால்நடை டாக்டர் (ஓய்வு) — இருபத்தெட்டாம் நாள், காலை 7.05

போடலாம். மாலையில் தொடங்கியிருந்தால் இன்று காலையே சரியான நேரம், தாமதிக்காதீர்கள். ஊசி போட்ட தேதியைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள். சினை தங்கினால் 220-ஆவது நாள் வாக்கில் கறவையை வற்றவைக்க வேண்டும். அப்போது இங்கே வந்து எழுதுங்கள், கடைசி மூன்று வாரத் தீனியைச் சேர்ந்தே கணக்குப் போடலாம். கன்றுக்காரி அம்மாவும் இருப்பார்.